புத்தகக் கிரிக்கெட்டும் எழுதப்படாத ஸ்கோரும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் கனமான தலைப்பை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நிலம், கோயில் நுழைவு, தன்வரலாறு என்று இந்த மேடை கேட்ட பேச்சுகள் அப்படிப்பட்டவை. நாங்கள் எடுத்துக்கொண்டது விளையாட்டு. அதுவும் மைதானத்தில் வியர்க்க வியர்க்க ஆடியது இல்லை. பாயில் உட்கார்ந்து, பாடப்புத்தகத்தையும் பென்சிலையும் புளியங்கொட்டையையும் வைத்துக்கொண்டு, ‘இது சேப்பாக்கம், இவர் கவாஸ்கர்’ என்று ஆடிய ஆட்டம். அழைப்பிதழைப் பார்த்த ஒரு தோழர், ‘இதில் என்னங்க அரசியல் இருக்கு?’ என்று கேட்டார். வந்து உட்கார்ந்து கேளுங்கள் என்றோம். இரண்டாவது வரிசையில் இருக்கிறார்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இங்கே நின்று வாசிப்பது ஒரு குரல்தான். ஆனால் இந்த உரையை எழுத, அன்று ஒன்றாக ஆடிய ஐந்து பேரும் இரவிரவாகப் போனில் பேசினோம். ஒருவர் மறந்த விதியை இன்னொருவர் சொன்னார். ஒருவர் சொன்ன ஸ்கோரை மற்றவர் மறுத்தார். அதனால் ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம்.

நாங்கள் வளர்ந்தது பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில். ஊருக்கும் காலனிக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டி ஒரு மைதானம். பதிவேட்டில் அது புறம்போக்கு. நடப்பில் அது ஊர்க்காரர்களுடையது. பொங்கலுக்கு அங்கே விளையாட்டு விழா நடக்கும், மைக் செட் கட்டுவார்கள். எங்களுக்கு அங்கே இருந்த வேலை ஒன்றுதான். பந்து காலனிப் பக்கம் உருண்டு வந்தால், ‘டேய், பந்த எடுத்துப் போடுங்கடா’ என்று குரல் வரும், எடுத்துப் போட வேண்டும். ஆள் குறைந்த நாளில் பீல்டிங்குக்குக் கூப்பிடுவார்கள். வெயிலில் மூன்று மணி நேரம் ஓடுவோம். எங்கள் பேட்டிங் முறை வரும்போது பொழுது சாய்ந்துவிடும். ‘இருட்டிடுச்சி, நாளைக்கு உனக்குத்தான்டா மொத பேட்டிங்’ என்பார்கள். பத்து வயதில் அதை நம்பினோம். பதிமூன்று வயதில் பீல்டிங்குக்குப் போவதை நிறுத்தினோம்.

எங்களுக்கென்று ஆட்டமே இல்லாமல் இல்லை. கோடையில் ஏரி வற்றினால் அதன் நடுவயிற்றில் ஆடுவோம். தென்னை மட்டையைச் செதுக்கினால் பேட். பழைய சைக்கிள் டியூபை நறுக்கி, காகித உருண்டையின் மேல் வளையம் வளையமாக மாட்டினால் பந்து. தண்ணீரில் நனைந்தால் கல் மாதிரி கனக்கும். ஐப்பசி பிறந்து ஏரி நிறைந்தால் அந்த மைதானமும் போய்விடும். அப்போது தொடங்கும் உள் விளையாட்டு. மழை அடிக்கும், கூரை ஒழுகாத மூலையில் நாலு பேர் நெருங்கி உட்கார்ந்திருப்போம். பந்து வேண்டாம், இடம் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இன்றைய மாணவர்களுக்கு விதியைச் சொல்ல வேண்டும். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இடப்பக்கத்தில் இரட்டைப்படை எண்தான் இருக்கும். அந்த எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். இரண்டு, நாலு, ஆறு வந்தால் அத்தனை ரன். சைபர் வந்தால் அவுட். எட்டு வந்தால் எங்கள் தெருவில் வெறும் பந்து. பக்கத்து ஊரில் ஒரு ரன். இந்த எட்டைப் பற்றி நடந்த சண்டைகள் அநேகம். புத்தகம் தடியாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். எங்கள் வீடுகளில் இருந்த ஒரே தடித்த புத்தகம், கிறிஸ்தவக் குடும்பங்களில் இருந்த பைபிள். ஆதியாகமத்துக்கும் வெளிப்படுத்தலுக்கும் நடுவே கவாஸ்கரை ஓடவிட்டதற்காக எங்களில் ஒருவர் அவருடைய ஆயாவிடம் வாங்கிய அடி இன்றும் பேசப்படுகிறது. பிறகு பாதி விலையில் வாங்கிய பழைய வரலாற்றுப் புத்தகம் வந்தது. அதில் ஒரு சிக்கல். பழைய புத்தகம் பழகிய பக்கத்திலேயே திறக்கும். அதை முன்பு வைத்திருந்தவன் எந்தப் பாடத்தை விழுந்து விழுந்து படித்தானோ, அங்கேயே வந்து நிற்கும். ஒரே மாதத்தில் எந்த இடத்தில் விரலை வைத்தால் ஆறு வரும் என்று எல்லோரும் கண்டுபிடித்துவிட்டோம். அதனால் புத்தகத்தைத் திறப்பவன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி வந்தது. எதிரணிக்காரன் கையால் கண்ணைப் பொத்துவான்.

பென்சில் கிரிக்கெட் இரண்டாவது. நடராஜ் பென்சிலுக்கு ஆறு பக்கம். பிளேடால் மெல்லச் சீவி 1, 2, 3, 4, 6 என்று எழுதி, ஆறாவது பக்கத்தில் அவுட் என்பதற்கு ஒரு பெருக்கல் குறி. பெஞ்சில் உருட்டினால் ஆட்டம். வகுப்பு நடக்கும்போதே ஆடலாம் என்பது இதன் சிறப்பு.

மூன்றாவது ஆட்டம் எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தோம். உண்மையில் அது ஆயாக்களுடையது. தாயம் ஆடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளை தெரிய வைப்பார்களே, அதே கொட்டை. நாலு கொட்டையைக் குலுக்கிப் போடு. எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை ரன். நாலும் கறுப்பாக விழுந்தால் அவுட். ஒரு இன்னிங்ஸ் முடிய இரண்டு மூன்று நாள் ஆகும். ‘சோழி போடற ஆட்டத்துக்கு இம்மாங் கணக்காடா?’ என்று ஆயா கேட்கும். எங்களில் ஒருவர் பிற்பாடு கணக்கு வாத்தியார் ஆனார். அவர்தான் போட்டுப் பார்த்துச் சொன்னார். நாலு கொட்டையும் கறுப்பாக விழுவது பதினாறில் ஒருமுறை. ஆகவே புளியங்கொட்டைக் கிரிக்கெட்டில் ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 32 ரன். நிஜமான டெஸ்ட் கிரிக்கெட்டின் சராசரிக்கு மிகப் பக்கத்தில் வருகிற கணக்கு அது. புத்தகக் கிரிக்கெட்டில் விக்கெட்டுக்கு 12 ரன்தான், அணி 120 வாக்கில் சுருண்டுவிடும். கணக்குத் தெரியாமலே நாங்கள் கொட்டையை டெஸ்டுக்கும் புத்தகத்தை ஒருநாள் போட்டிக்கும் வைத்திருந்தோம்.

இங்கேதான் நாங்கள் உங்களிடம் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. புத்தகத்துக்கு ஆள் தெரியாது. கவாஸ்கருக்கும் சராசரி 12, கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங்குக்கும் சராசரி 12. எல்லோரும் அதன் முன் ஒன்று. எங்களுக்கு அது பிடிக்கவில்லை. ‘நெசம் மாதிரி இல்லடா’ என்று குறைப்பட்டோம். ஆகவே விதிகளைத் திருத்தினோம். கவாஸ்கருக்கு முதல் சைபர் மன்னிப்பு: சராசரி 24. கபில்தேவுக்கு எட்டும் ஆறு ரன்: சராசரி 18. மணிந்தர் சிங்குக்குச் சைபரும் அவுட், எட்டும் அவுட்: சராசரி 6. ஆட்டம் உடனே உயிர் பெற்றது. ரேடியோவில் கேட்ட மாதிரியே நடந்தது. ஒருவன் அப்துல் ஜப்பார் குரலில் தமிழ் வர்ணனை சொல்வான், இன்னொருவன் கூட்டத்தின் இரைச்சலை வாயால் எழுப்புவான். நிஜம் என்றால் ஏற்றத்தாழ்வு என்பதைச் சின்ன வயதிலேயே எவ்வளவு இயல்பாகத் தெரிந்துவைத்திருந்தோம் என்று இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறு என்னமோவும் வருகிறது.

மணிந்தர் சிங்கைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கத்தில் இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்ட் சமனில் முடிந்தபோது கடைசியாக அவுட் ஆனவர் அவர். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில், 1987 அக்டோபர் 9, அதே சேப்பாக்கம், அதே ஆஸ்திரேலியா, அதே மணிந்தர். இரண்டு பந்தில் இரண்டு ரன் வேண்டும், ஸ்டீவ் வா பந்தில் போல்டு. ஒரு ரன்னில் தோல்வி. டீக்கடை ரேடியோ முன்னால் நின்றிருந்த ஊர்க்காரர்களும் நாங்களும் அன்று மட்டும் ஒரே மாதிரி தலையில் கைவைத்தோம். அந்த ஆட்டத்தில் இன்னொரு விஷயம் நடந்தது. ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்துக்கு முதலில் நாலு ரன் கொடுத்தார்கள். இன்னிங்ஸ் முடிந்த பிறகு பேசி, கபில்தேவும் சம்மதிக்க, அதை ஆறாக மாற்றினார்கள். 268 என்றிருந்த ஸ்கோர் 270 ஆனது. இந்தியா எடுத்தது 269. ஒரு கோப்பை ஆட்டத்தின் முடிவு, பேனாவால் திருத்திய இரண்டு ரன்னில் இருந்தது. எழுத்தில் ஏறுவது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது என்று இப்போது தோன்றுகிறது. அன்று எங்களுக்குத் தோன்றியதெல்லாம் மணிந்தரைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான். அந்தக் கடைசி இரண்டு பந்தை மட்டும் புத்தகத்தில் எத்தனை முறை ஆடினோம் என்று கணக்கே இல்லை. எங்கள் புத்தகத்தில் அவர் நிறைய ஜெயித்திருக்கிறார்.

ஸ்கோர் எழுதியது யார் என்று கேட்டால், ஓர் அக்கா. எங்களைவிட நாலு வயது மூத்தவர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி நாற்று நடவும் களையெடுக்கவும் அனுப்பிவிட்டார்கள். எங்கள் கூட்டத்திலேயே கணக்கில் கெட்டி அவர்தான். மைதானத்தில் ஆட எங்களுக்கு வந்த தடை ஊரிலிருந்து வந்தது. அவருக்கு வந்த தடை எங்கள் வீடுகளிலிருந்தே வந்தது. ஏரியில் நாங்கள் ஆடும்போதுகூட அவர் வந்து நிற்க முடியாது. பாயில் ஆடும் ஆட்டத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, பழைய நோட்டில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைத் தைத்து, கோடு போட்டு, பெயர், ரன், எப்படி அவுட், யார் பந்து என்று ஒழுங்காக எழுதுவார். பகலெல்லாம் சேற்றில் நின்ற கை. எழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

ஒரு நாள் எங்களில் ஒருவன் கேட்டான். ஏரி மைதானத்தில் எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பந்து போடுகிறவன் அவன். ‘எம்பேரயும் டீம்ல எழுதேன்’ என்றான். எழுதலாம், ஆனால் எந்தக் கணக்கில்? கவாஸ்கருக்கு 24 என்று வைத்தோம், அவருடைய ரன்கள் பேப்பரில் இருக்கின்றன. மணிந்தருக்கு 6 என்று வைத்தோம், அவருடைய சைபர்களும் பேப்பரில் இருக்கின்றன. இவனுக்கு என்ன வைப்பது? இவன் போட்ட பந்துகள் எங்கேயும் எழுதப்படவில்லை. இவன் பேட்டிங்கோ, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போன பேட்டிங். சண்டை முற்றியது. ஒருவன் 6 என்றான், ஒருவன் இரக்கப்பட்டு 18 என்றான். அக்கா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னது: ‘கணக்கு தெரியாதவங்களுக்குப் பொதுக்கணக்கு.’ அதாவது விதி திருத்தாத பழைய புத்தகக் கிரிக்கெட். எல்லோருக்கும் 12. அன்று அவர் எங்கள் பதினோரு பேரையும் வரிசையாக எழுதி, ‘காலனி’ என்று தலைப்பிட்டு, ஆஸ்திரேலியாவோடு மோதவிட்டார். நாங்கள் தோற்றோம். ஆனால் எங்கள் பெயர்கள் எதிரெதிரே ரன்களோடு எழுதப்பட்டதை முதன்முதலாகப் பார்த்தோம்.

பிறகு ஆதிதிராவிடர் நல விடுதியில் சேர்ந்தோம். அங்கே வேறொரு மோகம் பிடித்தது: டிரம்ப் கார்டு. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வீரர் படம். கீழே ஆட்டங்கள், ரன்கள், அதிகபட்சம், விக்கெட்டுகள். ‘விக்கெட்’ என்று ஒருவன் கேட்டால் இருவரும் அட்டையைக் காட்ட வேண்டும், பெரிய எண் வைத்திருப்பவனுக்கு இரண்டு அட்டையும். கடையில் வாங்கப் பணமில்லை. சிகரெட் பெட்டி அட்டைகளைப் பொறுக்கிக் கத்தரித்து, நூலகப் பேப்பரிலிருந்து எண்களைக் குறித்து வந்து நாங்களே செய்தோம். எண் கிடைக்காத வீரருக்கு அட்டை கிடையாது. அது எங்கள் விதிகூட இல்லை, அந்த ஆட்டத்தின் இயல்பே அதுதான். எண் இல்லாத அட்டை எல்லா அட்டைகளிடமும் தோற்கும், அதை யார் வைத்துக்கொள்வார்கள்?

இந்த ஆட்டங்களுக்கு அமெரிக்காவில் பெரிய அண்ணன்மார் உண்டு என்பது எங்களுக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அங்கே கிரிக்கெட்டுக்குப் பதில் பேஸ்பால். 1951ல் ஆப்பா என்றொரு மேசை ஆட்டம் வந்தது, 1961ல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். இரண்டாவதைச் செய்த ஹால் ரிச்மன், பதினோரு வயதிலேயே அதற்கான முதல் வடிவத்தை வீட்டில் செய்து பார்த்தவர். நம் பென்சிலும் புளியங்கொட்டையும் மாதிரிதான், கொஞ்சம் நுணுக்கம் கூடுதல். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. அவர் நிஜத்தில் ஆடிய ஓர் ஆண்டின் எண்கள் முழுவதையும் பகடை விழுகைகளாக மாற்றி அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். மூன்று பகடை. முதல் பகடை எந்த அட்டையைப் பார்ப்பது என்று சொல்லும்: பாதி நேரம் அடிப்பவர் அட்டை, பாதி நேரம் எறிபவர் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை என்ன நடந்தது என்று சொல்லும். அப்படி ஆடினால், ஐம்பது ஆண்டுக்கு முன் செத்துப்போன வீரரும் உங்கள் மேசையில் தன் குணத்தோடு ஆடுவார்.

ஆனால் யாருக்கு அட்டை? அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் கறுப்பினத்தாருக்கு இடமில்லை. 1947 ஏப்ரல் 15ல் ஜாக்கி ராபின்சன் இறங்கும் வரை அந்தக் கதவு மூடியே இருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று தனி லீக் நடத்தினார்கள். 1920ல் ரூப் ஃபாஸ்டர் முன்னின்று தொடங்கியது முதலாவது. அவர்களில் ஜாஷ் கிப்சன் என்றொருவர். அந்தக் காலத்தின் மிகப்பெரிய அடிகாரர் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார். பார்த்தவர்கள் சொன்னது கதையாக இருந்தது, எண்ணாக இல்லை. வெள்ளையர் பத்திரிகைகள் அந்த ஆட்டங்களைப் பெரும்பாலும் எழுதவில்லை. எழுதியவை பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினத்தார் நடத்திய ஏடுகள். ஆராய்ச்சியாளர்கள், பெரும்பாலும் ஆர்வத்தால் இறங்கியவர்கள், பல ஆண்டுகள் அந்தப் பழைய ஏடுகளில் ஆட்டம் ஆட்டமாகத் தேடி எண்களைச் சேர்த்தார்கள். அந்த எண்களை வைத்து 2009ல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் நிறுவனம் கறுப்பின லீக் வீரர்கள் நூறு பேருக்கு மேல் அட்டை வெளியிட்டது. பெரிய லீக்கின் நிர்வாகம் அந்த லீக்குகளைச் சமமானவை என்று ஏற்றது 2020 டிசம்பரில். எண்களை அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்த்தது 2024 மே மாதம். அன்று 2,300க்கும் மேற்பட்ட வீரர்கள் பதிவில் ஏறினார்கள். ஜாஷ் கிப்சனின் வாழ்நாள் சராசரி .372. அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் .367ஓடு இரண்டாவதாக இறங்கினார்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஒடுக்கப்பட்டவர்கள் தாங்களே நடத்திய ஏடு. பிறகு அதைத் தூசு தட்டியவர்கள். பிறகு வீட்டு மேசையில் ஆடும் ஆட்டம். பதினோரு ஆண்டு கழித்துத்தான் நிர்வாகம். கிடைத்த பதிவு சுமார் முக்கால் பங்குதான் என்று அவர்களே சொல்கிறார்கள். மீதிக் கால் பங்கு எழுதிய தாளோடு போய்விட்டது, அல்லது எழுதவே படவில்லை. 1972ல் பம்பாயில் தலித் பேந்தர்கள் அமெரிக்கக் கறுப்பினத் தோழர்களைப் பார்த்துப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். இந்த ஸ்கோர் புத்தக வேலையையும் அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நமக்கும் ஒரு ஜாஷ் கிப்சன் உண்டு. பல்வங்கர் பாலு. சர்மகார் சமூகத்தில் பிறந்தவர், இடதுகைச் சுழல் பந்து வீச்சாளர். புனாவில் வெள்ளையர் கிளப்பில் பிட்சை உருட்டவும் பராமரிக்கவும் சொற்பச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஆங்கிலேய ஆட்டக்காரர்கள் பயிற்சி எடுக்க அவரைப் பந்து போடச் சொன்னார்கள். கிரெய்க் என்ற ஆட்டக்காரர், தன்னை அவுட் ஆக்கினால் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. பாலுவைப் பற்றி விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா ஒரு விஷயத்தைச் சொல்கிறார்: ஆயிரக்கணக்கான பந்துகளை வீசிய அவருக்கு அங்கே ஒரு முறையும் மட்டை பிடிக்க வாய்ப்புத் தரவில்லை. அதைப் படித்த இரவு எங்களில் மூன்று பேர் தனித்தனியே ஒருவருக்கொருவர் போன் செய்தோம். ‘இருட்டிடுச்சி, நாளைக்கு’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரித்தார்.

இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது, ஏனென்றால் அவரில்லாமல் ஜெயிக்க முடியாது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்குப் பந்தலுக்கு வெளியே, தூக்கி எறிகிற மண்குவளையில் தேநீர். 1906ல் பம்பாயில் ஐரோப்பியரை இந்துக்கள் 109 ரன்னில் வென்றபோது அந்த வெற்றியில் அவர் பங்கு பெரிது. 1911ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. பாலுவும் தம்பி சிவராமும் அதில் இருந்தார்கள். அந்தப் பயணத்தில் பாலு எடுத்த விக்கெட்டுகள் 114. ஆனாலும் கேப்டன் பதவியை அவருக்குக் கடைசிவரை முறைப்படி கொடுக்கவில்லை. 1920ல் எதிர்ப்புக் கிளம்பிய பிறகு துணைக் கேப்டன் ஆக்கினார்கள். தம்பி விட்டல்தான் 1923ல் இந்துக்கள் அணியின் கேப்டனாகி கோப்பையை வென்றார். இளைஞர் அம்பேத்கர் பாலுவைப் பெருமிதத்தோடு பார்த்தவர், அவரைப் பாராட்டும் கூட்டங்களில் முன்நின்றவர். பிற்பாடு 1937 தேர்தலில் பாலு காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். இதைச் சொல்லாமல் விடவேண்டும் என்று சில தோழர்கள் நினைக்கலாம். ஸ்கோர் புத்தகத்தில் அவுட்டும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் விடுதி டிரம்ப் கார்டுகளில் பாலு இல்லை. நாங்கள் நூலகத்தில் எண் தேடிய எந்தப் பேப்பரிலும் அவர் பெயர் வந்ததில்லை. குஹாவின் நூல் 2002ல் வந்தது. அப்போது எங்களுக்கு ஆட்டம் ஆடும் வயது போய்விட்டிருந்தது. 114 என்ற எண் 1988ல் எங்கள் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. விக்கெட் என்று கேட்டவுடன் நாங்கள் அந்த அட்டையைப் போட்டிருப்போம், ஓர் அட்டை கூடுதலாக ஜெயித்திருப்போம். அந்தச் சிறிய விஷயத்தைத்தான் சொல்கிறோம்.

நம்மிடம் ஏன் எண்கள் இல்லை? ஆடாததால் இல்லை. கூரை வீட்டில் காகிதம் நிற்காது. மழையில் ஊறும், கரையான் அரிக்கும், தீ வைத்தால் முதலில் எரியும். 1995 ஆகஸ்ட் 31ல் கொடியன்குளத்தில் வீடு புகுந்த காவல்துறை பாத்திரம் பண்டத்தை மட்டும் உடைக்கவில்லை, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களையும் அழித்தது. காகிதத்தின் மதிப்பு அடிக்க வந்தவனுக்கும் தெரியும். அந்த அக்கா கல்யாணமாகிப் போனபோது எங்கள் ஸ்கோர் நோட்டைத் தன்னோடு எடுத்துப்போனார் என்பது எங்களுக்குப் பல வருடம் தெரியாது. இந்த உரைக்காக அவரைத் தேடிப் போனோம். தகரப் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, எல்லாம் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ‘இத எதுக்குக்கா வெச்சிருந்தீங்க?’ என்றோம். ‘நான் எழுதனதாச்சே’ என்றார்.

இந்த மேடை யார் நினைவாக நடக்கிறதோ அந்தத் தோழர், இயக்கம் போட்ட எல்லாத் துண்டறிக்கைகளையும் பரணில் அடுக்கி வைத்திருந்தார். அச்சகத்தில் வீணான தாளையும் விடமாட்டார். இப்போது ஆய்வு மாணவர்கள் அந்த வீட்டுக்குத்தான் போகிறார்கள். அவரிடம் இல்லாத ஒரு வகைக் காகிதம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14ஐ ஒட்டிக் காலனிகளில் அம்பேத்கர் கோப்பை கிரிக்கெட், கபடி, வாலிபால் போட்டிகள் நடக்கின்றன. நோட்டீஸ் அடிக்கிறோம், நுழைவுக் கட்டணம் வாங்குகிறோம், யாரோ ஒரு பையன் ஸ்கோரும் எழுதுகிறான். மறுநாள் அந்தத் தாள் டீக்கடையில் பஜ்ஜி எண்ணெயை உறிஞ்சுகிறது. மாணவத் தோழர்கள் இந்த ஆண்டிலிருந்து அதைக் கேட்டு வாங்குங்கள். போனில் படம் பிடித்தாலும் போதும். தேதி, இடம், அணி, பதினோரு பெயர், ரன், விக்கெட். மைதானம் யாருடையது, அனுமதி யார் கொடுத்தார்கள், யார் மறுத்தார்கள் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள்; அந்தக் கட்டம் எந்த ஸ்கோர் புத்தகத்திலும் இல்லை, நமக்கு வேண்டும். பெண்பிள்ளைகள் ஆடினால் அதைத் தனித்தாளில் ஒதுக்காமல் அதே நோட்டில் எழுதுங்கள்.

பல்வங்கர் பாலுவுக்கு இப்போது ஓர் அட்டை செய்திருக்கிறோம். கணக்கு வாத்தியார் தன் மாணவர்களோடு உட்கார்ந்து, 1911ன் எண்களைப் பகடைக்கு மாற்றினார். பந்துவீச்சுப் பக்கம் சுலபமாக வந்தது. பேட்டிங் பக்கத்தில்தான் மாணவர்களுக்குள் வாக்குவாதம். பிற்காலத்தில் அவர் அடித்த ரன்களை மட்டும் வைத்தால் போதுமா, புனாவில் மட்டையே கொடுக்காத ஆண்டுகளை என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டார். அந்த ஆண்டுகளுக்குப் பொதுக்கணக்கு போட்டிருக்கிறோம், 12.

அட்டை வெளியே மேசையில் இருக்கிறது. அக்காவின் நோட்டும் பக்கத்தில் இருக்கிறது, பக்கங்களை மெதுவாகப் புரட்டுங்கள், தாள் நொறுங்கும் நிலையில் உள்ளது. வெற்று அட்டைகளும் பென்சில்களும் வைத்திருக்கிறோம். தேநீர் இடைவேளையில் உங்கள் காலனி அணியின் பதினோரு பேரையும் எழுதிக் கொடுங்கள். எட்டுப் பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள் என்றால் எட்டையும் எழுதுங்கள். மீதி மூன்று பேரை ஊருக்குப் போய் விசாரித்துச் சொல்லலாம்.